சுற்றிப் பார்க்கப் போனவன்

கடல் கடந்து தமிழன் கொடி நாட்டிய தேசங்களின் வரலாற்றில் சேரங்கோட்டு விஜயனுக்கும் ஓர் இடம் உண்டு என்று எஸ்டேட் தொழிலாளர் லைன் வீடுகளின் முகப்பில் கட்டிய பிளக்ஸ் பேனர் சொன்னது. பேனர் தண்ணீர்க் குழாயை மறைத்ததால், பெண்கள் விஜயனின் முகத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் குடம் வைத்தார்கள்.

மலேசியாவைச் சுற்றிப் பார்க்க ஒரு மாத டூரிஸ்ட் விசாவில் போனவன், மூன்று வருஷம் சுற்றிப் பார்த்தான். பிறகு போலீஸ் பிடித்து, இனி இந்தப் பக்கம் வராதே என்று பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தி அனுப்பியது. இந்தப் பின்பாதியை ஊரில் 'லீவு' என்று சொல்லியிருந்தான். வேலை, மலைமேல் ஒரு ரிசார்ட்டில் மேனேஜர். அங்கிருந்து அனுப்பிய படங்களிலெல்லாம் கழுத்துக்கு மேலேதான் இருந்தான்.

அவன் அம்மா வேலாயிக்கு மாதக் கடைசியோடு ரிட்டயர்மென்ட். வீட்டிலிருந்து ஒருவர் எஸ்டேட்டில் பேர் பதியாவிட்டால் லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

"மேனேஜரா இருந்தவன் கூடை தூக்கறதா? நாலு பேரு என்னம்மா சொல்வாங்க?"

"நடுரோட்டுல சட்டி பானையோட நின்னா மட்டும் மாலை போடுவாங்களா? எந்திரிடா."

மலையாளி சூப்பர்வைசர் ஹரிதாஸ், பேர் பதிவதற்கு முன் ஒருநாள் கொழுந்து பறித்துக் காட்டச் சொன்னார். விஜயன் கூலிங் கிளாஸோடு வந்து, முதல் கொழுந்தைப் புழுவைப் பிடிப்பதுபோல இரண்டு விரலால் பிடித்தான்.

"அது கடிக்காதுங்க மேனேஜர்," என்றாள் பக்கத்து நிரையில் பறித்துக்கொண்டிருந்த பாப்பம்மாள்.

வெயில் ஏறும்வரை அப்படியே நடித்தான். அப்புறம் கைகளுக்கு நடிப்பு மறந்துபோயிற்று. இரண்டு கையும் செடிமேல் மாறி மாறி ஓடின. பிடி நிறைந்ததும் திரும்பிப் பார்க்காமலே தோளுக்குப் பின்னால் கூடைக்குள் வீசினான். பாப்பம்மாளுக்குப் பாதிக் கூடை ஏறுவதற்குள் அவனுடையது நிறைந்துவிட்டது.

"இது எவிட படிச்சதுடா?" என்றார் ஹரிதாஸ்.

"சும்மா... பார்த்ததுதாங்க."

எல்லாரும் கூலிக்கு எடை போட வரிசையில் நின்றபோது, வளைவில் காக்கிச் சட்டைகளோடு ஒரு ஜீப் வந்தது. கீழே ஓடைப் பக்கம் யானை நிற்கிறது என்று சொல்ல வந்த வனத்துறை ஜீப். விஜயன் அதைக் கேட்கக் காத்திருக்கவில்லை. கூடையைக் கட்டிப்பிடித்தபடி தேயிலைச் செடிக்கு அடியில் புகுந்துகொண்டான்.

காக்கிச் சட்டை ஒருவர் குனிந்து பார்த்தார். "ஏனுங்க, யானை ரொம்பத் தூரத்துல நிக்குது. வெளிய வாங்க."

"பாஸ்போர்ட் மொதலாளிகிட்ட இருக்கு சார்!" என்றது செடி.

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. ஜீப் போன பிறகு பாப்பம்மாள்தான் கேட்டாள். "ஏனுங்க மேனேஜர், ரிசார்ட்டுலயும் கொழுந்துதானுங்களா?"

விஜயன் வெளியே வந்து தலையிலிருந்த இலைகளைத் தட்டினான். கூலிங் கிளாஸ் செடிக்குள்ளேயே கிடந்தது.

"தேயிலைத் தோட்டந்தான். இதே மாதிரி மலை, இதே குளிரு. மழை மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி."

எடை வரிசையில் நின்ற வேலாயிக்கு வேறு கணக்கு. "அங்க போலீஸ் வந்தப்ப உங்கூட இருந்தவனெல்லாம் என்னடா பண்ணினான்?"

"ஓடிட்டாங்க."

"உனக்குக் கால் இல்லியா? நீ ஏன் ஓடல?"

"கூடை நெறஞ்சிருந்துச்சும்மா. இன்னும் எடை போடல."

யாரும் சிரிக்கவில்லை. பாப்பம்மாள் தன் கூடையைக் காலோடு நெருக்கி வைத்துக்கொண்டாள்.

ஹரிதாஸ் தொண்டையைச் செருமினார். "கை நல்ல கைதான். டெம்பரவரியில பேர் போட்டுக்கறேன்."

"அப்ப வீடு?" என்றாள் வேலாயி.

"வீடு பர்மனென்ட் ஆளுக்கு மாத்ரம்தான். ஆபீஸ்ல புது ஆர்டர். மாசக் கடைசி வரைக்கும் இருங்க. அதுக்கு மேல இருந்தா, அனுமதியில்லாமத் தங்கினதா ஆயிரும்."

"அது நமக்குப் பழக்கந்தாங்க," என்றான் விஜயன்.

ஹரிதாஸே சிரித்துவிட்டார். வேலாயி சிரிக்கவில்லை. விஜயன் கூடையைத் தூக்கிக்கொண்டு தராசுக்குப் போனான். ஹரிதாஸ் அதை வாங்கிப் பொதுச் சாக்கில் கவிழ்த்தார். பறித்துக் காட்டுகிற கொழுந்துக்கு எடை கிடையாது.