பிணத்துக்கு வசனம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதைக்கு விதை என் நாத்தனார். தொலைக்காட்சியில் எந்தத் துப்பறியும் தொடர் ஓடினாலும், துவைத்த துணியை மடித்துக்கொண்டே பத்தாவது நிமிடத்தில் கொலைகாரனைக் காட்டிக்கொடுத்துவிடுவாள்.

"எப்படிடீ கண்டுபிடிச்சே?"

"இதுல என்ன இருக்கு அண்ணி? இவ்வளவு பெரிய நடிகர் சும்மா கதவைத் திறந்துவிட்டுட்டுப் போறதுக்கா வந்திருப்பார்?"

இருபத்திரண்டு துப்பறியும் நாவல் எழுதியவளுக்கு இது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மாதக்கணக்கில் மூளையைக் கசக்கித் தடயத்தை ஒளித்து வைத்தால், நடிகர் தேர்வு வந்து குட்டை உடைத்துவிடுகிறது. புத்தகத்தில் யாருக்கும் முகம் கிடையாது. அதை வைத்துத்தான் எங்கள் பிழைப்பே ஓடுகிறது.

இனி 'நாவலாசிரியை' என்று எழுதப் போகிறேன். ஆள் நான்தான். 'நான்' என்று எழுதினால் என்னை நல்லவளாகக் காட்டிக்கொள்ளக் கை துறுதுறுக்கிறது.

2

மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு மாலையில் அந்த மருந்துக்கடையின்

(வேண்டாம். எல்லாக் கொலையும் மழையில்தான் நடக்க வேண்டுமா?)

நாவலாசிரியையின் ஒன்பதாவது நாவல் தொலைக்காட்சித் தொடராக வந்தது. புத்தகம் படித்தவர்களுக்குக் கொலைகாரன் வீட்டுச் சொந்தக்காரர் என்பது தெரியும். அதனால் இயக்குநர், "வேற ஆளைக் குடுங்க" என்று கேட்டார். அவள் மருந்துக்கடைக்காரரைக் கொடுத்தாள். புத்தகத்தில் அவர் தங்கமான மனிதர், ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காதவர். இந்த மாற்றம் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த ரகசியம். நடிப்பவருக்கும் கடைசி நாள்தான் சொல்வது என்று ஏற்பாடு.*

* தான் கொலைகாரன் என்று தெரிந்துவிட்டால் நடிகர்கள் முதல் காட்சியிலேயே கண்ணை இடுக்கிக்கொள்கிறார்கள். ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்தால்கூட விஷம் மாதிரி கொடுக்கிறார்கள்.

இயக்குநர் பிரபலங்களின் படங்களை மேசையில் பரப்பினார். நாவலாசிரியைக்கு நாத்தனார் துணி மடிப்பது கண்ணில் வந்து போனது. "இவங்க யாரும் வேண்டாம்" என்றாள். அப்போது முதல் அத்தியாயத்தில் பிணமாகக் கிடப்பதற்கு ஒருவர் வந்து வாசலில் உட்கார்ந்திருந்தார்.

"அவரா? பதினாறு வருஷமா பிணம்தான். ஒன்றரை நிமிஷம் மூச்சை அடக்குவார்."

"அவர் கண்ணைத் திறந்து யாராவது பார்த்திருக்காங்களா?"

இயக்குநர் யோசித்தார். ஒருவரும் பார்த்ததில்லை.

3

(இங்கே நாவலாசிரியையின் மேதைமையைப் பற்றி ஒரு பத்தி எழுதினேன். கிழித்துவிட்டேன்.)

"மருந்துக்கடைக்காரரா நானா? வசனம் இருக்கா மேடம்?"

"நாற்பத்தேழு வரி சார்."

பிணமாக நடித்தே பழகியவர் சட்டென்று எழுந்து நின்றார். "எங்கம்மா நான் நடிச்சது ஒண்ணுகூடப் பார்த்ததில்ல. பெத்த புள்ள செத்துக் கிடக்கிறத எப்படிப் பார்க்கிறதுன்னு டிவியை அணைச்சிடுவாங்க. உங்க புத்தகத்தை மூணு தடவை படிச்சிருக்கேன் மேடம். எவ்வளவு நல்ல மனுஷன் அந்த மருந்துக்கடைக்காரர்! அம்மாவை ஒரு நாள் விடாமப் பார்க்கச் சொல்லணும்."

அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். அவள் சொல்லவில்லை. வாழ்த்துகள் என்றாள்.

4

தொடர் ஓடியது. மனிதர் அசத்தினார். காய்ச்சல் பிள்ளைக்கு மருந்தை எப்படிக் கொடுக்க வேண்டும் என்று ஒரு தாய்க்கு அவர் சொல்லித்தந்த காட்சியில் படப்பிடிப்புக் கூடமே கைதட்டியது. வீட்டில் நாத்தனார் டிரைவரைச் சந்தேகப்பட்டாள், டாக்டரைச் சந்தேகப்பட்டாள், இறந்தவரின் தங்கையையும் விடவில்லை. "பாவம் அண்ணி, அந்த மருந்துக்கடைக்காரர். அவருக்கு ஒண்ணும் ஆகாம இருக்கணும்." நாவலாசிரியைக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. இத்தனை வருடத்தில் அவள் இவ்வளவு சந்தோஷமாகச் சாப்பிட்டதில்லை.

ஆனால் அவர் தினமும் இடைவேளையில் வந்து சொன்னார். "அம்மா பக்கத்து வீட்டுக்காரங்களையும் கூப்பிட்டு வச்சுப் பார்க்கிறாங்க மேடம். என் புள்ள திரையில பேசுறான்னு எல்லார்கிட்டயும் சொல்றாங்க."

நாளைக்குக் கடைசி அத்தியாயம் எடுக்கிறார்கள். கைவிலங்கு பெட்டியில் தயாராக இருக்கிறது.

5

முடிவுகள்:

அ. சொன்னதும் அவர் கோபித்துக்கொண்டு வெளியேறுகிறார். (இல்லை. அவர் கோபப்படுகிற ஆளில்லை. அதுதான் சங்கடமே.)

ஆ. அவருக்குச் சொல்லாமலே விலங்கை மாட்டிவிடுகிறார்கள். அந்த அதிர்ச்சி முகத்தில் அப்படியே பதிவாகிறது, விமரிசகர்கள் புகழ்கிறார்கள். (இயக்குநரின் யோசனை. கேட்டதும் நாவலாசிரியைக்குப் பிடித்திருந்தது. வெட்கமாக இருக்கிறது.)

இ. "கொலைகாரனா? அப்போ சாகமாட்டேனா? அது போதும் மேடம், அம்மா பார்ப்பாங்க" என்று சிரிக்கிறார். (மூன்றிலும் நன்றாக வந்திருப்பது இதுதான். எனக்கு இவ்வளவு வசதியாக இருக்கிற முடிவை நான் நம்புவதில்லை. பக்கத்து வீட்டார் நடுவில் உட்கார்ந்திருக்கும் அந்த அம்மாவின் முகம் இதில் எங்கே இருக்கிறது?)

6

இடைவேளை. மருந்துக்கடை அரங்கத்தில், காலி டப்பாக்கள் அடுக்கிய அலமாரிக்குக் கீழே உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். நாவலாசிரியை போதும், இனி நான். இரண்டு டீயோடு அவர் வருகிறார்.

"புதுக் கதையா மேடம்? நான் பார்க்கலாமா?"

"இருங்க சார், இன்னும் நாலு வரி."

வாசகரே என்று பொதுவாக யாரையும் நான் கூப்பிடவில்லை, கவனித்தீர்களா? ஐயா, முதல் வரியிலிருந்து உங்களிடம்தான் பேசிக்கொண்டிருந்தேன். வாயால் சொல்லத் தைரியம் இல்லாததால் எழுதினேன். என் நாத்தனாரை ஜெயிப்பதற்காக உங்கள் அம்மாவின் சந்தோஷத்தை எடுத்துக்கொண்டேன். மன்னியுங்கள்.

முடிவுக்கு அரைப் பக்கம் விட்டிருக்கிறேன். வேண்டாம் என்று எழுதினால், பொழுது சாய்வதற்குள் கொலைகாரனை மாற்றிவிடுவேன். இயக்குநர் கத்துவார், கத்தட்டும். சரி என்று எழுதினால், முதலில் நாம் இருவருமாகப் போய் அம்மாவிடம் சொல்வோம்.

அவசரமில்லை. டீயைக் குடித்துவிட்டு எழுதுங்கள். நாற்பத்தெட்டாவது வரி உங்களுடையது.