கடைசிக் காட்சியின் இருட்டு

நல்லவன் மேல் வெளிச்சம், கெட்டவன் மேல் இருட்டு. நாடகக் குழுவின் லைட்காரருக்கு இதுதான் வேதம். பதினோரு வருஷமாக ஒரே சோக நாடகம். அதில் அண்ணனுக்கு விஷம் வைத்துக் கொல்லும் தம்பியாக நடித்தவன் அவருடைய சொந்தத் தம்பி. அதற்காக மனுஷர் சலுகையா காட்டினார்? அண்ணனாக வரும் நாயகன் முகத்தில் பரு தெரியும் அளவுக்கு வெளிச்சம் போடுவார். தம்பி வந்தால் லைட்டின் கைப்பிடியை இறக்கிவிடுவார். கடைசிக் காட்சியில் மேடையே முக்கால் இருட்டு. அரங்கின் மேல்கோடியில், தன் கண்ணாடிக் கூண்டுக்குள் அவர் டீ குடிப்பது அப்போதுதான்.

தம்பி ஒரே ஒரு தடவை வாய்விட்டுக் கேட்டான்.

"அண்ணா, கடைசியில மட்டும் என் மூஞ்சில கொஞ்சம் லைட் போடேன். செத்த அண்ணனை மடியில போட்டுக்கிறேன்ல, அந்த இடத்துல."

"கொன்னவனைப் பார்த்து ஜனங்க பாவப்பட்டா நாடகம் படுத்துடும்டா. போய் வேஷத்தைக் கலை."

சிரித்துக்கொண்டே போய்விட்டான். மறுபேச்சுப் பேசத் தெரியாத பிள்ளை.

போன மாதம் ஒத்திகைக்கு வரும் வழியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன், எழுந்திருக்கவே இல்லை.

மூன்றாம் வகுப்பு படிக்கும் அவன் மகள், அப்பாவை வேஷத்தில் பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்தாள். லைட்காரர் குழுவின் போட்டோப் பெட்டியையே தூக்கிக்கொண்டு வந்து தரையில் பரப்பினார். எல்லாப் படத்திலும் நாயகன் பளிச்சென்று இருந்தான். பக்கத்தில் வெறும் கறுப்பு.

"இதுவா பெரியப்பா எங்க அப்பா?" என்று கறுப்பின் மேல் விரல் வைத்தாள் குழந்தை.

அவர் படங்களை ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் எடுத்து வைத்தார்.

பெட்டியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, நாயகனாக நடிப்பவரிடம் சொல்லி அழுதார். அவர் பெட்டியை வாங்கிக் கீழே வைத்தார்.

"உங்களுக்குத் தெரியாதா? செத்த மாதிரி அவன் மடியில கிடப்பேன்ல, ஒவ்வொரு நாளும் நிஜமாவே அழுவான். என் சட்டையெல்லாம் நனைஞ்சிடும். யாருக்கும் தெரியாத அழுகை எதுக்குடான்னு கேட்டேன். எங்கண்ணன் மேல உக்காந்து பார்த்துக்கிட்டு இருக்காரு, அது போதும்னான்."

டீ குடித்த வாயை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது? ஒரு நாள், ஒரே ஒரு நாள்கூட அவர் பார்க்கவில்லை.

அதே நாடகத்தை அடுத்துப் போட்டபோது தம்பி வேஷத்துக்குப் புது ஆள். கடைசிக் காட்சி வந்தது. லைட்காரர் டீ ஃபிளாஸ்க்கைத் தொடவில்லை. பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக அந்த இடத்தில் கைப்பிடியை மேலே தள்ளினார். நாயகனை மடியில் கிடத்தியிருந்த புது ஆள், கண் கூசி, கையால் முகத்தை மூடிக்கொண்டான். அவன் என்ன செய்வான் பாவம், அங்கே இருட்டு என்றுதானே சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

லைட்காரர் வெளிச்சத்தை இறக்கவில்லை. கண்ணாடியில் நெற்றியை வைத்து அழுத்திக்கொண்டார்.

"கையை எடுடா தம்பி," என்றார். "அண்ணன் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன்."