குண்டு எழுத்தில் ஒரு பெயர்

...ஆகாது, சாவு நோட்டீசுக்குக் குண்டு எழுத்து ஆகவே ஆகாது, தொள்ளாயிரத்துப் பன்னிரண்டில் ஆம்பூரில் இந்த அச்சாபீசுக்கு வந்ததிலிருந்து இருபது வருஷமாக நான்தானே இதைச் சொல்லி வருகிறேன், நாடகத்துக்குப் போடு, சர்க்கஸுக்குப் போடு, தோல் மண்டி ஏலத்துக்குப் போடு, பாலாற்று மணலில் குஸ்தி என்றால் பயில்வான் பேருக்குப் போடு, வண்டியில் தமுக்கடித்துக்கொண்டே வீசுகிற நோட்டீஸ், நடந்துபோகிறவன் நிற்காமலே படிக்க வேண்டும், அதற்காகச் செதுக்கிய மர எழுத்து, கூர் கிடையாது, மூலை கிடையாது, எல்லாம் உருண்டை, மையை வயிறு முட்டக் குடிக்கும்... மகன் கல்யாணப் பத்திரிகைக்கு அதைக் கேட்ட மாதனூர்க்காரரை, "மாப்பிள்ளை இன்னா சர்க்கஸ்ல வேலை பண்றாரா?" என்று கேட்டுத் திருப்பியவன் நான், இப்போது அதே பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்கிறேன், ஞாயிற்றுக்கிழமை என் மனைவிக்கு ஞாபகார்த்த ஜெபம், அவள் போய் ஒரு மாசமாகிறது.

அவளுக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் மை தெறித்து வீணான நோட்டீஸ்களை நான் கொண்டுபோனால் சமையல்கட்டுச் சுவரில் கஞ்சிப் பசை தடவி ஒட்டுவாள், குண்டு எழுத்து இருப்பதைத்தான் பொறுக்கி எடுப்பாள், அதன்மேல் விரலை ஓட்டிக்கொண்டு "இது யாரு?" என்பாள், ராஜபார்ட் என்பேன், "இது?", பயில்வான்... "ஊர்ல எல்லாரு பேரையும் போடுறீங்க, என் பேரு இதுல எப்டி இருக்கும்?" என்றாள் ஒருநாள், "உன்னை இன்னா ஏலமா விடப்போறேன்?" என்றேன், அவளும்தான் சிரித்தாள், எவ்வளவு நல்ல சிரிப்பு அது, அடுப்பே அணைந்துவிடும்போல ஊதிச் சிரிப்பாள்... ஐந்தே எழுத்து, அரை நிமிஷ வேலை, ஒரு துண்டுக் காகிதத்தில் அடித்து மடியில் வைத்துக்கொண்டு போயிருக்கலாமே, ஏன் தோன்றவில்லை? நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

முதலில் மெல்லிய எழுத்தில்தான் கோத்தேன், முறைப்படி, மரியாதையாக, ஒரு குறை சொல்ல முடியாது, ஆனால் அதில் அவளைக் காணோம், யாரோ ஒரு பாதிரியார் வீட்டு அம்மாளின் பெயர்போல ஒடுங்கிக் கிடந்தது, சரி, யார் சிரித்தால் என்ன என்று ஐந்து மர எழுத்தையும் எடுத்து அடுக்கி, மை தடவி, காகிதத்தை வைத்து அழுத்தி உரித்தேன், அப்பா, எவ்வளவு கறுப்பு, எவ்வளவு நிறைவு... தொழுகை முடிந்து உள்ளே வந்த முதலாளி மக்பூல் அகமது ஈரம் காயாத காகிதத்தை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே பிடித்தார், "பூவம்மாள்" என்று உரக்கப் படித்தார், "இன்னா தானியேலு, எந்த டிராமா கம்பெனி இது?" என்றார். "எங்க வீட்ல, முதலாளி" என்றேன். அவர் முகம் மாறிவிட்டது, தொப்பியைச் சரிசெய்துகொண்டார், எத்தனை ரம்ஜானுக்கு அவருடைய வீட்டம்மா இவளுக்குச் சேலை அனுப்பியிருக்கிறார், "தங்கச்சி பேரு எனக்குத் தெரியாமலே போச்சேய்யா" என்றார், அவருக்கு எப்படித் தெரியும், அவள் என்னைத் தேடி வாசலில் வந்து நிற்கும்போதெல்லாம் நான் "இந்தா" என்பேன், கோபத்தில் "ஏய்", பிரியம் வந்தாலும் "இந்தா"தான், கடைசி நாளில் கையைப் பிடித்துக்கொண்டு... அன்றைக்காவது? முதலாளி இன்னொரு தடவை, மெல்ல, அந்தப் பெயரைப் படித்தார், நானும் சொல்லிப் பார்க்கலாமென்று வாயைத் திறந்தேன், ஒரு புது ஆளைக் கூப்பிடுவதுபோல நாக்கு கூசிற்று.