வயலின் அறை

“சாவியைக் குடுங்கப்பா” என்று மறுபடியும் கையை நீட்டினாள் மூத்தவள். அப்பா இடுப்பில் தொங்கிய சாவிக்கொத்தை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார்.

கூடத்துக் கட்டிலில் அம்மா கிடந்தாள். காலையில் உயிர் போயிருந்தது. தலைக்கு மேலே மின்விசிறி சூட்டையே சுற்றிச் சுற்றி வீசியது. குளிர்பெட்டி வாடகைக்கு விடுகிறவன், பெட்டி எதுவும் கைவசம் இல்லை, நாளைக்குத்தான் கிடைக்கும் என்று கைவிரித்துவிட்டான். தங்கை விமானம் மாறி மாறி வந்துகொண்டிருக்கிறாள். அவளும் நாளைக்குத்தான் வருவாள். அவள் வந்து பார்க்கும்போது அம்மாவின் முகம் முகமாக இருக்க வேண்டும். மூத்தவளுக்கு அது ஒன்றுதான் வேண்டியிருந்தது.

அந்த வீட்டில் ஏசி போட்ட அறை ஒன்றே ஒன்று. அது வயலின்களுக்கு. சுவர் நிறைய வயலின், எல்லாம் பழசு, எல்லாம் விலை கூடியது. அப்பாவுக்கு ஒன்றில்கூட ஒரு சுரம் வாசிக்க வராது. வாங்குவது, துடைப்பது, பூட்டுவது, அவ்வளவுதான் அவர் சங்கீதம். வீட்டுக்கு எடுக்கிற சாதாரணக் காப்பீட்டில் சோபாவும் டிவியும்தான் அடங்கும் என்று தெரிந்ததும், ஒவ்வொரு வயலினுக்கும் தனியாகக் காப்பீடு எடுத்தார். கம்பெனி நிபந்தனை போட்டது: அறையில் சூடு ஏறக்கூடாது, ஈரம் ஏறக்கூடாது. ஏறினால் சுவரில் இருக்கும் சின்னக் கருவியில் பதிந்துவிடும். மனுஷ மூச்சே ஈரம்தான் என்று சொல்லி அம்மாவை வாசலோடு நிறுத்திவிட்டார்.

போன வாரம் காய்ச்சலில் வெந்துகொண்டிருந்தபோது அம்மா வாய்விட்டே கேட்டாள்.

“கொஞ்ச நேரம் உள்ள படுத்துக்கட்டுமாங்க?”

“படுக்கிற ரூமா அது?” என்றார். அதோடு சரி.

இப்போது சித்தப்பா தணிவாகப் பேசிப் பார்த்தார். “ஒரு நாள்தானேண்ணே. அண்ணியை உள்ள வச்சிடுவோம்.”

“ஈரம் கருவியில பதிஞ்சிடும்டா. பின்னாடி ஏதாவது ஒண்ணுல கீறல் விட்டா, அதைக் காட்டியே கம்பெனிக்காரன் கையைக் கழுவிடுவான்.”

“அம்மா இனிமே மூச்சு விட மாட்டாங்கப்பா” என்றாள் மூத்தவள்.

அப்பா யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

“சுத்தி ஐஸ் வைப்பீங்க” என்றார் கடைசியில். “ஐஸ் உருகுமில்ல?”

சித்தப்பா மீன் கடைக்குப் போய் ஐஸ் பாளங்கள் வாங்கிவந்தார். மீன் வாடை போகவில்லை. அதையேதான் அம்மாவைச் சுற்றி அடுக்கினார்கள். உருகி வழிந்த தண்ணீரை மூத்தவள் துணியால் ஒற்றி வாளியில் பிழிந்தாள். பிழிய வயலின் அறைக் கதவோரம்தான் இடம் இருந்தது. அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அம்மாவின் உதட்டோரம் நிறம் மாறத் தொடங்கியிருந்தது. தங்கை ஏதோ விமான நிலையத்திலிருந்து கூப்பிட்டாள். “அம்மாவை நல்லா வச்சிருக்கீங்கல்லக்கா?”

“நீ வாடி” என்று சொல்லி மூத்தவள் போனை வைத்தாள். அப்பாவின் மேல் வந்த வெறுப்பில் அவளுக்கு அழுகைகூட வரவில்லை.

அதுவரை நாற்காலியை விட்டு அசையாத அப்பா எழுந்து வந்தார். அம்மாவின் கால்மாட்டில் மடித்திருந்த போர்வையை எடுத்தார். வந்திருந்தவர்கள் வழிவிட்டார்கள். கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு, முழங்கால் வலியில் முகம் சுளித்து, மெல்ல மண்டியிட்டார்.

“பாவம், இப்பதான் மனுஷனுக்கு உறைக்குது” என்று பக்கத்து வீட்டுக்காரி கண்ணைத் துடைத்தாள்.

அப்பா தரையில் ஓடிவந்த தண்ணீரைப் பார்த்தார். மண்டியிட்டபடியே கதவுவரை நகர்ந்தார். போர்வையை நீளமாகச் சுருட்டி, கதவின் அடியிலிருந்த இடுக்கில் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை விரலால் அழுத்தி அழுத்தித் திணித்தார்.

அந்த இடுக்கு வழியாக மூத்தவளின் பாதத்தில் பட்டுக்கொண்டிருந்த குளிர் நின்றது.