பூசம் முடிவதற்குள்

வலி எடுத்து அடையாறு ஆஸ்பத்திரியில் வந்து படுத்தபோதுகூட அனு தைரியமாகத்தான் இருந்தாள். டாக்டர் சீதாவிடம் ஏழாம் மாதமே எல்லாம் பேசியாகிவிட்டது. வலியைக் கூட்டும் ஊசி வேண்டாம், அவசியமில்லாமல் சிசேரியன் வேண்டவே வேண்டாம். டாக்டரும் தலையை ஆட்டியிருந்தார். தலையாட்ட என்ன, காசா பணமா?

மத்தியானம் மாமியார் பங்கஜம் அபிராமபுரத்திலிருந்து பஞ்சாங்கத்தோடு வந்து இறங்கினாள்.

“டாக்டர், பூசம் சாயங்காலத்தோட முடியறது. அப்புறம் ஆயில்யம். பொண்ணாப் பொறந்துடுத்துன்னா மாமியாருக்கு ஆகாதும்பா. நாளைக்கு எவன் கட்டிப்பான்? அதுக்குள்ள எடுத்துடுங்கோ.”

இன்னும் பிறக்காத குழந்தைக்கு, எங்கேயோ இருக்கும் ஒரு மாமியார். முகம் தெரியாத அந்த அம்மாளின் ஆயுளுக்காக அனுவின் வயிற்றைக் கிழிக்க வேண்டுமாம்! அனுவுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

டாக்டர் சோதித்துவிட்டுக் கையுறையைக் கழற்றினார். “பண்ணிட்டா எல்லாருக்கும் நிம்மதிதான் அனு.”

“குழந்தைக்கு ஏதாவது ஆபத்தா?”

“இல்ல, நல்லா இருக்கு.”

“எனக்கு?”

“உங்களுக்கும் இல்ல.”

“அப்ப யாருக்கு டாக்டர் நிம்மதி?”

டாக்டர் பங்கஜத்தைப் பார்த்தார். பங்கஜம் மகனைப் பார்த்தாள். அஸ்வத் கட்டிலருகே வந்து மனைவியிடம் குனிந்தான்.

“நான் சரின்னு சொல்லிட்டேன் அனு. அம்மா விடமாட்டா, தெரியுமோன்னோ. இப்பல்லாம் சின்னதாத்தான் கிழிப்பா.”

சொல்லிவிட்டானாம்! வயிறு இவளுடையது, சரி சொல்ல அவன்.

“சின்னதுன்னா நீ போய்ப் படுத்துக்கோ!” அடுத்த வலி வந்து பல்லைக் கடிக்க வைத்தது. அது அடங்கியதும் மறுபடி கத்தினாள். “நான் சம்மதிக்கல. டாக்டர், கேட்டுக்கோங்கோ. எம்மேல கத்தி பட்டுது, நேரா போலீஸ்தான்!”

வராந்தாவில் போனவர்கள் நின்று எட்டிப் பார்த்தார்கள். டாக்டரின் முகம் சுண்டிப்போயிற்று. “அவங்க வேண்டாம்னா நான் பண்ண முடியாது” என்று சொல்லிவிட்டு, மாமியாரையும் மகனையும் வெளியே அனுப்பினார்.

விளக்கு வைத்த பிறகுதான் பிறந்தது. பெண். கத்தி படாமல், தானாக, வீறிட்டுக்கொண்டு வந்தது. பங்கஜம் கதவைத் திறந்து, “மணி என்ன ஆச்சு?” என்று மட்டும் கேட்டாள். நேரத்தைச் சொன்னதும் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள். மருமகள் உயிரோடு இருக்கிறாளா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அஸ்வத் உள்ளே வந்து குழந்தையைப் பார்த்துச் சிரித்தான். பிறகு நர்ஸிடம் போய்க் குரலைத் தாழ்த்தினான். “சிஸ்டர், பொறந்த நேரத்தைக் கொஞ்சம் முன்னாடியா எழுதிடுங்களேன். பூசத்துலயே வந்துடும். யாருக்குத் தெரியப்போறது?”

மார்பில் குழந்தையோடு படுத்திருந்த அனு அப்படியே எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

“மாத்தி எழுதினாலே போறும்னா, என்னைக் கிழிக்க எதுக்குடா சரின்னு சொன்னே?”