முந்திச் சொன்ன சாட்சி

சாட்சி சொல்ல யாராவது உண்டா என்று பாஸ்டர் கேட்டதும், அஸ்தினாபுரம் சபையில் முதல் ஆளாக எழுந்து நின்றது எட்மண்ட்தான். பெண்கள் பக்கம் பாயில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி ஜெரூஷா நிமிர்ந்து பார்த்தாள். அவள் மார்பில் இருந்த கட்டி புற்று என்று ரிப்போர்ட் வந்து, கீமோ தொடங்க ஆஸ்பத்திரியில் நாளும் குறித்தாகிவிட்டது. அவரோ மைக்கைப் பிடித்துக்கொண்டு, என் மனைவியின் வியாதியைக் கர்த்தர் வேரோடு எடுத்துப்போட்டார், இனி மருந்தும் வேண்டாம் கத்தியும் வேண்டாம் என்றார். கைதட்டலில் கூரைத் தகடு அதிர்ந்தது.

நடக்கப்போவதை நடந்ததாகவே சொல்லி முன்னதாக நன்றி செலுத்துவது அந்தச் சபையில் வழக்கம். விசா வரும் முன்பே விசாவுக்கு ஸ்தோத்திரம் சொல்வார்கள். சொன்ன பிறகு மாத்திரையைத் தேடிப் போனால் அவிசுவாசம் என்பது ஜனங்களாக வைத்துக்கொண்ட சட்டம். பாஸ்டர் சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கொள்கிறவர். டாக்டரையும் பாருங்க பிரதர் என்று அவர் சொன்னது பாட்டுச் சத்தத்தில் அமுங்கிப்போனது.

அந்த வாரம் முழுக்க வீட்டில் ஆள் மாற்றி ஆள். பக்கத்துத் தெரு டெபோரா காலையில் வந்து ஜெபித்தாள், சாயங்காலம் வந்து முகம் தெளிந்திருக்கிறதா என்று பார்த்தாள். சோர்ந்து படுத்தால், சுகமானவங்க படுக்கலாமா சிஸ்டர் என்று எழுப்பி உட்கார வைத்தார்கள். ஜெரூஷாவும் சிரித்த முகமாக டீ போட்டுக் கொடுத்தாள். கீமோ ஏறும்போது வாயில் சீழ் இருக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதால், குரோம்பேட்டைக்குப் போய்ச் சொத்தைப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தாள். வீங்கிய கன்னத்தைக் கேட்டவர்களிடம் பல்வலி என்றாள். பாவம், அது மட்டும்தான் அந்த வாரத்தில் அவள் சொன்ன பாதி உண்மை.

தனியாகப் போய்விடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. வீட்டு மனுஷர் ஒருவர் கையெழுத்துப் போட்டுக் கூடவே இருந்தால்தான் மருந்து ஏற்றுவோம் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். ஒரே மகள் ஜீவிதா ஓசூரில் நிறைமாதம். கூப்பிட முடியாது, சொல்லவும் முடியாது. மிச்சம் இருந்தது எட்மண்ட்.

சனிக்கிழமை அவர் சாப்பிட்டுக் கை கழுவும்போது கேட்டாள்.

"செவ்வாக்கிழமை கீமோவுக்கு வருவீங்களா, மாட்டீங்களா?"

"சபை முன்னாடி சொல்லிட்டேன் ஜெரூஷா. இப்ப ஆஸ்பத்திரில போயி நின்னா என்னை இன்னான்னு பேசுவாங்க?"

"நீங்க சொல்லிட்டீங்க. கட்டி கேக்கலியே."

அவர் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். ஈரம் போன பிறகும் துடைத்தார்.

"எங்கம்மா ஆஸ்பத்திரிக்கு நடந்துதான் போனாங்க. பொட்டலமா கட்டித்தான் குடுத்தாங்க. மறுபடி அந்த வாசப்படிய மிதிக்கச் சொல்றியா?"

இதுவரை அவர் வாயில் வராத பேச்சு. ஜெரூஷாவுக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். வருகிறேன், கையெழுத்தும் போடுகிறேன், ஆனால் நாளைக்கு நீ எழுந்து சுகமாயிட்டேன்னு சொல்லு, கீமோ விஷயம் நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டும் என்றார்.

"முடி கொட்டுமே?"

"சபையில முக்காடு போட்டுகினுதானே உக்கார்றே. யாருக்குத் தெரியும்?"

அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. சரி என்று தலையாட்டிவிட்டாள். உயிரோடு இருக்க வேண்டுமே.

மறுநாள் எழுந்து நின்று சொன்னாள். ஆண்டவர் என்னைச் சுகமாக்கினார். வேறு யாரோ தன் வாயால் பேசுகிற மாதிரி இருந்தது. எல்லோரும் கைகளை உயர்த்தினார்கள். உட்கார்ந்தாள்.

ஆராதனை முடிந்து செருப்பு மாட்டும் இடத்தில் டெபோரா ஓடி வந்து கட்டிக்கொண்டாள். நெஞ்சு அழுந்தியதில் ஜெரூஷா பல்லைக் கடித்தாள்.

"சிஸ்டர், கீழ்க்கட்டளைல பெண்கள் கூட்டம். உங்க சாட்சிதான் முதல்ல. நான் பேர் குடுத்துட்டேன். காலைல வேன் உங்க வாசலுக்கே வரும்."

"என்னிக்கு?"

"செவ்வாக்கிழமை. வேற வேலை இல்லியே?"

ஜெரூஷா எட்மண்டைப் பார்த்தாள். அவர் குனிந்து செருப்பைத் தேடுகிற மாதிரி நின்றார். செருப்பு காலில்தான் இருந்தது. இந்தச் செவ்வாய்க்கிழமையைக் கொடுத்தால் அடுத்ததையும் கேட்பார்கள், வேனும் வாசலுக்கு வந்துகொண்டே இருக்கும்.

"அன்னிக்கு எனக்குக் கீமோ" என்றாள்.

"இன்னா சிஸ்டர்?"

"கீமோ. புத்து அப்படியேதான் இருக்கு டெபோரா. கொஞ்ச முன்னாடி நான் சொன்னது பொய்."

பின்னால் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். டெபோராவின் கை அவள் தோளிலிருந்து மெல்ல இறங்கியது. எட்மண்ட் வெளியே நடந்தார். கையெழுத்தும் அவரோடு நடந்து போகிறது என்றுதான் ஜெரூஷா நினைத்தாள்.

கேட்டுக்கு வெளியே ஸ்கூட்டரை ஸ்டார்ட் பண்ணி வைத்திருந்தார். முகத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை. ஏறி உட்கார்ந்தாள். ஜிஎஸ்டி ரோட்டு சிக்னலில் சிவப்பு விழுந்தது. பஸ் ஒன்று பக்கத்தில் வந்து நின்றது. அந்த இரைச்சலில் அவர் குரல் சரியாகக் கேட்காமல், முன்னால் சாய்ந்தாள்.

"செவ்வாக்கிழமை வெறும் வயித்துல வரணுமா, சாப்ட்டு வரலாமான்னு கேட்டேன்."

"சாப்ட்டுத்தான் வரச் சொன்னாங்க" என்றாள்.