அலமாரி மேல் வைத்த கடிகாரம்

வீட்டுச் சாவிக்காகப் பைக்குள் கையை விட்ட ஸ்பானிஷ் டீச்சரின் விரலில் தட்டுப்பட்டது ஒரு கைக்கடிகாரம். அன்று வகுப்பில் காணாமல் போன அதே கடிகாரம்.

வெளிநாட்டு ஆஸ்பத்திரி வேலைக்குப் போகும் நர்ஸுகள்தான் அவள் மாணவிகள். ஒரு பொருளைச் சுட்ட நாம் இது, அது என்று இரண்டில் முடித்துவிடுகிறோம். ஸ்பானிஷ்காரர்களுக்கு மூன்று வேண்டும். கையில் இருந்தால் எஸ்தே, எதிரில் நிற்பவர் பக்கம் இருந்தால் எஸே, இருவருக்கும் எட்டாத தூரமென்றால் அகேல். புத்தகத்தைப் பார்த்துக் கத்தினால் மண்டையில் ஏறாது. அதனால் மாணவிகளின் பொருள்களையே வாங்கி அறை முழுக்கப் பரப்பி வைப்பாள். மணி அடித்ததும் வாரியெடுத்துத் திருப்பிக் கொடுப்பாள். அன்று அலமாரி மேலிருந்த ஒரு மாணவியின் கடிகாரம் மட்டும் சாக்பீஸ் டப்பாவோடு சேர்ந்து அவள் பைக்குள் போயிருந்தது.

அதைக் காணோம் என்று அந்த மாணவி சொன்னதும், கடைசியாக அறையில் இருந்தது யார் என்று பயிற்சி நிலைய மேனேஜர் கேட்டார். பெருக்க வந்த அக்காவைக் கைகாட்டியது டீச்சர்தான். அக்காவின் பையை வராந்தாவிலேயே கவிழ்த்தார்கள். டிபன் டப்பா, சீப்பு, மாத்திரை அட்டை, வேறொன்றும் இல்லை. ஆனாலும் மறுநாள் வந்து அறைகளின் சாவிக்கொத்தை ஒப்படைத்துவிட்டுப் போகச் சொல்லிவிட்டார்கள்.

மறுநாள் காலை முதல் வேலையாகக் கடிகாரத்தை மேனேஜர் மேஜையில் வைத்தாள் டீச்சர். அவர் அலட்டிக்கொள்ளவே இல்லை.

"மேஜைக்கு அடியில கிடந்துச்சுன்னு சொல்லிடலாம் டீச்சர். உங்க பேரும் கெடாது, அந்தம்மாவும் வேலையில இருக்கும்."

டீச்சர் தலையாட்டினாள். ஆம், ஆட்டித்தான் விட்டாள். ஆனால் வெளியே வந்தால் வராந்தா பெஞ்சில் சாவிக்கொத்தை மடியில் வைத்துக்கொண்டு அக்கா.

வகுப்புக் கதவைத் திறந்து, அக்காவையும் உள்ளே அழைத்து, எல்லோர் முன்னாலும் சொன்னாள். கடிகாரம் தன் பையில்தான் இருந்ததென்று. அக்கா மேல் பழி விழக் காரணம் தானென்று. மன்னிச்சிடுங்கக்கா என்று முடித்தாள்.

அக்கா நிதானமாகக் கேட்டாள்.

"என் பையைக் கொட்டினப்ப நீங்களும் பக்கத்துலதானே நின்னீங்க. உங்க பையைப் பாக்கணும்னு யாருக்குமே தோணலையே, ஏன் டீச்சர்?"

நர்ஸுகள் குனிந்துகொண்டார்கள்.

அக்கா சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு துடைப்பத்தை எடுத்தாள்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க. பெருக்கணும்."